ஸ்டேப்ளர் அடித்த பக்கங்கள்

எனக்கு வாய் கொஞ்சம் நீளம். என் கணவர் இதைப் பல வருடங்களாகப் பல விதமாகச் சொல்லிப் பார்த்துவிட்டு இப்போது சொல்வதையே நிறுத்திவிட்டார். பினாங்கு ஜார்ஜ்டவுனில் ஒரு பழைய கடைவீட்டின் மாடியில் இருபது வருடத்துக்கு மேலாகக் கணித டியூஷன் நடத்துகிறேன். கீழே மோட்டார் சைக்கிள் சாமான் கடை. படியேறும்போதே டயர் வாசனை மூக்கில் ஏறும். அந்த வாசனையைப் பொறுத்துக்கொண்டு பிள்ளைகள் மேலே வந்ததற்குக் காரணம் நான் நன்றாகப் பாடம் நடத்துவேன் என்பது இல்லை. பள்ளிக் கடைசித் தேர்வான ஐந்தாம் படிவத் தேர்வில் எது வரும், எது வராது என்று நான் சொல்வேன். நான் சொன்னால் வரும் என்று பினாங்கில் ஒரு பேச்சு இருந்தது. அதைக் கிளப்பிவிட்டதில் என் பங்கும் உண்டு.

வித்தை பெரிதாக ஒன்றுமில்லை. பத்து வருடக் கேள்வித்தாள்களைத் தரையில் பரப்பி வைத்துக்கொண்டு, போன வருடம் வந்தது எது, மூன்று வருடமாக வராமல் இருப்பது எது என்று பார்ப்பேன். பிறகு ஒரு ஊகம். இந்த ஊரில் இதை ‘ஸ்பாட்’ என்பார்கள். எல்லா டியூஷனிலும் நடக்கிற கூத்துதான். ஆனால் நான் ஒரு படி மேலே போனேன். தேர்வுக்கு நான்கு மாதம் இருக்கும்போது ஒரு ஸ்டேப்ளரை எடுத்துக்கொண்டு மேசை மேசையாகப் போவேன். வராது என்று நான் முடிவு கட்டிய பாடங்களின் பக்கங்களை ஒன்றாகச் சேர்த்து, ஓரத்தில் மூன்று ஊசி அடித்து மூடிவிடுவேன். இனி அதைத் திறந்து நேரத்தை வீணாக்காதே என்று அர்த்தம். பிள்ளைகள் கை தட்டுவார்கள். அந்த நாளுக்கு ‘மூடுவிழா’ என்று அவர்களே பெயர் வைத்திருந்தார்கள்.

கோவிட் அடங்கிய பிறகு எனக்கு ஒரு வெறுமை வந்தது. மகன் கோலாலம்பூரில் படிக்கப் போய்விட்டான். கணவருக்கு மாக் மண்டின் தொழிற்பேட்டையில் பட்டறை வேலை, காலையில் போனால் இருட்டிய பிறகுதான் வருவார். அப்போதுதான் தெரிந்தவர் ஒருவர் மூலம் இந்த வாய்ப்பு வந்தது. இலங்கை மலையகத்தில் ஒரு தேயிலைத் தோட்டத்துப் பக்கத்தில் இடைநிலைப் பள்ளி, கணித ஆசிரியர் போதவில்லை, பத்து மாதம் சம்பளமில்லாமல் வந்து சொல்லிக்கொடுக்க முடியுமா என்று கேட்டார்கள். உடனே சரி என்றேன். சேவை மனப்பான்மை என்று நீங்கள் நினைத்தால் அதுதான் எனக்கும் வேண்டியிருந்தது. கிளம்புவதற்கு முன் தண்ணீர்மலை முருகன் கோயிலுக்குப் போய்த் தேங்காய் உடைத்து, கோயில் படிக்கட்டில் நின்று படம் எடுத்து, அதை ஊருக்கெல்லாம் அனுப்பிவிட்டுத்தான் விமானம் ஏறினேன். பெட்டியில் நான்கு ஸ்டேப்ளர் வைத்திருந்தேன்.

பள்ளி ஒரு மலைச் சரிவில் இருந்தது. சாதாரண தரம் என்று அங்கே சொல்கிற தேர்வை எழுதப் போகும் பதினோராம் வகுப்பை என்னிடம் கொடுத்தார்கள். அங்கே ஏற்கெனவே ஒரு கணித ஆசிரியர் இருந்தார், நம் ‘சார்’ அங்கே ‘சேர்’, எல்லோரும் சேர் என்றே கூப்பிடுவார்கள். மனிதர் மூன்று வகுப்புகளை ஒருவராகவே இழுத்துக்கொண்டிருந்தார். மெதுவாக, ஒரு தேற்றத்துக்கு ஒரு வாரம் என்ற கணக்கில், ஒன்றையும் விடாமல் நடத்துவார். பார்க்கப் பார்க்க எனக்குக் கை பரபரத்தது. இப்படிப் போனால் தேர்வு முடிந்த பிறகுதான் பாடம் முடியும் என்று அவர் முகத்துக்கு நேராகவே கிண்டல் செய்தேன். அவர் சிரித்துவிட்டுப் போய்விட்டார்.

அந்த வகுப்பில் ஒரு பெண் இருந்தாள். முதல் வரிசைக்காரி இல்லை, நடுவில் ஜன்னல் பக்கம். அல்ஜிப்ராவில் சுமார். ஆனால் கேத்திரகணிதம், அதாவது நாம் வடிவியல் என்பது, வந்துவிட்டால் அவள் வேறு ஆள். காம்பஸ் இல்லாமலேயே ஒரு வட்டம் போடுவாள், அதற்குள் நான்கு புள்ளி, நான்கு கோடு, எந்தக் கோணம் எதற்குச் சமம் என்று மற்றவர்கள் யோசிப்பதற்குள் சொல்லிவிடுவாள். கணிதத்தில் தேறினால்தான் உயர்தரம் என்கிற மேல்வகுப்பில் சேர முடியும். தேறவில்லை என்றால் அவள் அக்காவைப் போல வேலைக்குப் போக வேண்டியதுதான். இது அவளே ஒரு நாள் என்னிடம் சொன்னது. புலம்பலாகச் சொல்லவில்லை. நாளை மழை வரும் என்பதுபோலச் சொன்னாள்.

நான் வழக்கம்போல வேலையில் இறங்கினேன். அந்த நாட்டுப் பழைய கேள்வித்தாள்களை வாங்கிப் பள்ளி அலுவலகத் தரையில் பரப்பினேன். இரண்டு நாளில் எனக்கு எல்லாம் புரிந்துவிட்டது என்று நினைத்தேன். வட்டமும் தொடலியும், அதாவது வட்டமும் தொடுகோடும், என்கிற பாடத்திலிருந்து போன முறை பெரிய கேள்வி வந்திருந்தது, அதற்கு முந்தின முறையும் வந்திருந்தது. ஆகவே இந்த முறை வராது, அல்லது ஒப்புக்கு ஒரு சின்னக் கேள்வி வரும். அதைத் தூக்கிவிட்டு மற்றதை அரைத்துக் கொடுத்தால் எல்லோரும் தேறுவார்கள். எனக்கு அதில் துளி சந்தேகம் இல்லை.

சேர் முதல் முறையாக என்னைத் தேடி வந்தது அன்றைக்குத்தான். வட்டப் பாடத்தை ஊசி அடித்து மூடப் போகிறேன் என்று நான் வகுப்பில் சொன்னது அவர் காதுக்குப் போயிருந்தது. வராந்தாவில் நின்றுகொண்டு, கொஞ்சம் தயங்கித்தான் பேசினார்.

“டீச்சர், ஒங்க ஊரு பிள்ளைகளுக்கு நீங்க ஒன்ன விடச் சொன்னாலும் ஸ்கூல்ல வேற டீச்சர் இருப்பாங்க, வேற டியூசன் இருக்கும், போன்ல வீடியோ இருக்கும். எங்கயாச்சும் படிச்சிருவாங்க. இங்க பிள்ளைகளுக்கு நீங்க மட்டுந்தான். விடுன்னு சொன்னா உண்மையிலயே விட்டுருவாங்க.”

எவ்வளவு சரியாகச் சொல்லியிருக்கிறார் பாருங்கள். இருபது வருடமாக என் ஊகம் தப்பிய போதெல்லாம் என் பிள்ளைகளைக் காப்பாற்றியது வேறு யார் யாரோ. நான் விடச் சொன்னதை அவர்கள் வீட்டில் ரகசியமாகப் படித்திருந்தார்கள். அது அன்றைக்கு என் மண்டையில் ஏறவில்லை. அனுபவம் பேசுகிறது சேர், என்றேன். பேசியது அனுபவம் இல்லை, கொழுப்பு.

மூடுவிழா அன்று வகுப்பு ஒரே கும்மாளம். அரசாங்கம் கொடுத்த பாடப்புத்தகம், அதில் ஊசி அடிக்கலாமா என்றுகூட நான் யோசிக்கவில்லை. ஒவ்வொரு மேசையாக வந்தேன். அந்தப் பெண்ணின் மேசைக்கு வந்தபோது அவள் பக்கத்தின் மேல் உள்ளங்கையை வைத்துக்கொண்டிருந்தாள்.

“டீச்சர், இத மட்டும் நான் படிச்சுக்கிறேனே. எனக்கு இது வருது.”

உனக்கு வருகிறது என்பதற்காகக் கேள்வி வராது, வராததைப் படித்து என்ன செய்யப் போகிறாய், அந்த நேரத்தில் அல்ஜிப்ராவைப் பார் என்றேன். வகுப்பு சிரித்தது. கையை எடு என்றேன். எடுத்தாள். மூன்று ஊசி அடித்தேன். அவளுக்கு மட்டும் நான்காவதாக ஒன்றும் அடித்தேன், விளையாட்டாக.

தேர்வு தள்ளிப் போனது. அதற்குள் என் பத்து மாதம் முடிந்துவிட்டது. பிள்ளைகள் அழுதார்கள், நானும் அழுதேன், வகுப்போடு படம் எடுத்துக்கொண்டோம். அந்தப் படத்தில் அந்தப் பெண் நடுவில், நான் ஊசி அடித்த அந்தக் கணிதப் புத்தகத்தை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு, பல் தெரியச் சிரித்துக்கொண்டிருக்கிறாள்.

தேர்வன்று என்ன நடந்தது என்பதை நீங்களே ஊகித்திருப்பீர்கள், உங்கள் ஊகம் என்னுடையதைவிட நல்ல ஊகமாகத்தான் இருக்கும். வட்டமும் தொடலியும் வந்தது. ஒப்புக்கு இல்லை, இரண்டு இடத்தில் பெரிதாகவே வந்தது. முடிவு வெளியான அன்று நான் இங்கே வீட்டில் இருந்தேன். வகுப்பில் பாதிக்கு மேல் கணிதத்தில் தவறியிருந்தார்கள். போனில் ஒவ்வொரு செய்தியாக வந்தது. யாரும் என்னைக் குறை சொல்லவில்லை. அந்தப் பெண்ணின் செய்தியும் வந்தது. தான் தவறிவிட்டதாகவும், மறுபடி எழுதலாம் என்று சேர் சொல்வதாகவும் எழுதிவிட்டு, கடைசியில் ஒன்று கேட்டிருந்தாள். போனில் நீங்கள் எனக்குக் கேத்திரகணிதம் சொல்லித் தருவீர்களா?

படித்தேன். நான் படித்துவிட்டேன் என்பதற்கு அடையாளமாக அங்கே அவள் வாட்ஸ்அப்பில் இரண்டு நீல டிக் விழுந்திருக்கும். பதில் எழுத உட்கார்ந்தேன். என்னவென்று எழுதுவது? சரி, சொல்லித் தருகிறேன் என்று எழுதினால் அடுத்த வரியில் மன்னித்துக்கொள் என்று எழுத வேண்டும். அந்த அடுத்த வரி எனக்கு வரவில்லை. நாளைக்கு எழுதலாம் என்று வைத்தேன். நாளைக்குப் பிறகு வாரம், வாரத்துக்குப் பிறகு மாதம். இவ்வளவு நாள் கழித்து எழுதினால் நன்றாக இருக்காது என்று ஒரு சாக்கு கிடைத்ததும் அதைப் பிடித்துக்கொண்டேன். ரெண்டு வரி எழுத உனக்கு என்ன வந்தது என்று கணவர் ஒரு தடவை கேட்டார். உங்களுக்கு ஒன்றும் தெரியாது என்று அவர் மேல் எரிந்து விழுந்தேன்.

இதோடு நின்றிருந்தால்கூடப் பரவாயில்லை. ஊரில் எல்லோரும் கேட்டார்களே! அங்கே பிள்ளைகள் எப்படி டீச்சர், பாஸா என்று. எல்லாரும் பாஸ் என்றேன். முதல் தடவை சொன்னபோது நாக்கு கொஞ்சம் தடுமாறியது. பத்தாவது தடவை சொன்னபோது எனக்கே அது உண்மை மாதிரி இருந்தது. டியூஷனின் ஆண்டு விழாவுக்குப் பேனர் அடித்தபோது, அந்த வகுப்புப் படத்தை எடுத்துக் கொடுத்தேன். ‘கடல் கடந்தும் எங்கள் மாணவர்கள் வெற்றி’ என்று அடித்துக் கொடுத்தார்கள். படியேறி வருகிறவர்கள் கண்ணில் முதலில் படுகிற இடத்தில் மாட்டினேன். நடுவில் அந்தப் பெண் பல் தெரியச் சிரித்துக்கொண்டிருந்தாள், அந்தப் புத்தகத்தோடு. மூன்று வருடம் அதைக் கடந்து தினமும் உள்ளே போனேன். கூசவில்லை.

போன வருடம், மழைக்காலம் தொடங்கியபோது, அவளிடமிருந்து ஒரு செய்தி வந்தது. இங்கே கடலுக்கு அக்கரையில் இருக்கிற பிறை என்கிற ஊரில் ஒரு தொழிற்சாலையில் வேலை கிடைத்து வந்திருக்கிறாளாம். ஏஜென்ட் மலேசியா என்றதும், அதிலும் பினாங்கு என்றதும், டீச்சர் ஊர் என்று வீட்டில் சொல்லி ஒப்புக்கொள்ள வைத்தாளாம். ஒரு நாள் பார்க்க வரலாமா என்று கேட்டிருந்தாள். அந்தச் செய்திக்கு நேர் மேலே அவளுடைய பழைய செய்தி அப்படியே இருந்தது. அதற்கும் இதற்கும் நடுவில் நான் எழுதிய ஒரு எழுத்துகூட இல்லை. இந்த முறையும் நான் பதில் போடவில்லை. நம்புவீர்களோ என்னவோ, இரண்டு வாரம் போடவில்லை.

அவளே வந்துவிட்டாள். ஒரு ஞாயிற்றுக்கிழமை, டியூஷன் முகவரியை இணையத்தில் பார்த்து, படகு ஏறி, பஸ் பிடித்து வந்திருந்தாள். உள்ளே ஐந்தாம் படிவம் நடந்துகொண்டிருந்தது. வெளியே பிளாஸ்டிக் நாற்காலிகளில் இரண்டு மூன்று அம்மாக்கள் காத்திருந்தார்கள். டீச்சர் என்ற குரலைக் கேட்டு வெளியே வந்தேன். நீல நிறச் சுடிதாரில், கையில் ஒரு பையில் ஆரஞ்சுப் பழத்தோடு, பேனருக்கு நேர் எதிரே நின்றுகொண்டிருந்தாள். அவள் அதைப் படித்து முடித்துவிட்டாள் என்பது பார்த்த உடனே தெரிந்தது.

என் முகத்தில் ஈயாடவில்லை. அம்மாக்களில் ஒருவர், வாயாடி, என்னைப் போலவே, அவளையும் பேனரையும் மாறி மாறிப் பார்த்துவிட்டு முந்திக்கொண்டார்.

“இந்தப் படத்துல இருக்கிறது நீதானம்மா? டீச்சர்கிட்ட படிச்சு பாஸான பிள்ளையா?”

 வாய் நீளம் என்று பெயர் வாங்கியவள், அந்த ஒரே ஒரு இடத்தில் வாயைத் திறக்கவில்லை. அவள் என்னை ஒரு கணம் பார்த்தாள். பிறகு அந்த அம்மாவைப் பார்த்துச் சிரித்தாள். ஆமாங்க, டீச்சர் நல்லா சொல்லிக் கொடுப்பாங்க, என்றாள். அந்த அம்மாவுக்கு ஒரே சந்தோஷம்.

வகுப்பைச் சீக்கிரம் முடித்து எல்லோரையும் அனுப்பினேன். பிறகு இரண்டு பேரும் மாணவர் மேசையில் எதிரெதிரே உட்கார்ந்தோம். நான் ஆரஞ்சு உரித்துக் கொடுத்தேன், கைக்கு ஏதாவது வேலை வேண்டியிருந்தது. அவள் தொழிற்சாலையைப் பற்றிச் சொன்னாள், எட்டுப் பேர் தங்கும் வீட்டைப் பற்றிச் சொன்னாள். அந்தப் பேப்பர் அந்த வருஷம் கொஞ்சம் கஷ்டமாகப் போய்விட்டது இல்லையா என்று நான் ஆரம்பித்தேன். இப்போது எழுதும்போதும் காது சூடாகிறது. பேப்பர் மேல் பழி போட்டேன்.

“கஷ்டமா இல்ல டீச்சர். பரீட்ச முடிஞ்ச அன்னைக்கு அந்தி வீட்டுக்குப் போயி ஊசியப் பிரிச்சுப் பார்த்தேன். வந்திருந்த கணக்கு அப்பிடியே அந்தப் பாடத்துல இருந்துச்சு. லேசான கணக்கு டீச்சர்.”

அவள் குத்திக்காட்டவில்லை. அல்ஜிப்ரா தனக்குக் கடைசி வரை வரவில்லை, இது மட்டும் வரும் என்கிற மாதிரிதான் சொன்னாள்.  அதன் பிறகு கேட்டிருக்கக் கூடாது. கேட்டேன். அப்படியானால் ஏன் மறுபடி எழுதவில்லை, நீயே படித்திருக்கலாமே?

அவள் சுளையிலிருந்த நாரைப் பிய்த்தாள். ஒரு வருஷம் சும்மா உட்கார்ந்து படிக்கிறேன் என்றால் வீட்டில் விடமாட்டார்கள், டீச்சர் மலேசியாவிலிருந்து சொல்லித் தருகிறார்கள் என்றால் விடுவார்கள், அதனால்தான் கேட்டு அனுப்பினேன் என்றாள். ஒரு மாதம் அம்மா பொறுத்திருந்தாராம். அந்த ஒரு மாதமும் தினமும் வேலையிலிருந்து வந்ததும், டீச்சர் எழுதினாங்களா என்று கேட்டாராம்.

“ஒரு வரி போட்டிருந்தாப் போதும் டீச்சர். அம்மாகிட்ட காட்டியிருப்பேன்.”

மன்னித்துக்கொள் என்று அப்போதுதான் சொன்னேன். மூன்று வருடமாக வராத வரி, வந்தபோது இவ்வளவு சின்னதாக இருந்தது. அவள் பரவாயில்லை என்று சொல்லவில்லை. சொல்வாள் என்று நான் எதிர்பார்த்துக்கொண்டே இருந்தேன் என்பது அவள் சொல்லாதபோதுதான் எனக்குத் தெரிந்தது. இனிமேல் ஞாயிற்றுக்கிழமை வா, இங்கிருந்தே படி, ஊருக்குப் போனதும் எழுதலாம் என்றேன். ஞாயிற்றுக்கிழமையில் பெரும்பாலும் ஓவர்டைம் இருக்கிறது, பார்க்கிறேன் டீச்சர் என்றாள். நான் சொல்லிக் கொடுப்பதை இனி அவள் ஏன் நம்ப வேண்டும்?

கிளம்பும்போது பேனருக்கு முன்னால் நின்றாள்.

“டீச்சர், இந்தப் போட்டோவ எடுத்துருங்க. நான் பாஸாகல.”

மரியாதையாகத்தான் சொன்னாள். படியிறங்கும்போது திரும்பிப் பார்த்து, போய்ட்டு வாறேன் டீச்சர் என்றும் சொன்னாள். டயர் வாசனைக்கு நடுவே அவள் செருப்புச் சத்தம் கீழே போய் மறையும் வரை நின்றேன். நான் கூனிக் குறுகிப் போனதை அவள் பார்க்கவில்லை என்பது ஒரு பெரிய ஆறுதலாக இருந்தது. அப்போதும் எனக்கு என் கவலைதான்.

மறுநாள் நாற்காலி போட்டு ஏறிப் பேனரைக் கழற்றினேன். பாதி கழற்றும்போதே அந்த வாயாடி அம்மா மகளைக் கொண்டுவந்து விட வந்துவிட்டார். நல்லாத்தானே இருக்கு டீச்சர், ஏன் எடுக்கிறீங்க என்றார். பழசாகிவிட்டது என்று சொல்ல வாய் வந்தது. அதை விழுங்கினேன். நாற்காலியிலிருந்து இறங்கி, அவர் முகத்தைப் பார்த்துச் சொன்னேன். நேற்று வந்த பெண் பாஸாகவில்லை. பாதி வகுப்பு பாஸாகவில்லை. நான் வராது என்று ஊசி அடித்து மூடின பாடம் வந்தது. அந்தப் பிள்ளைக்கு அது நன்றாக வரக்கூடிய பாடம், நான்தான் கையை எடுக்கச் சொன்னேன். அதனால்தான் அவள் இன்றைக்குப் பிறையில் வேலை செய்கிறாள். இத்தனை வருடம் உங்கள் எல்லோரிடமும் பொய் சொன்னேன்.

சொல்லி முடித்தேன். என்ன கேட்டாலும் வாங்கிக்கொள்வது என்று நின்றேன். அவர் கொஞ்சம் யோசித்தார். பாவம் அந்தப் பிள்ளை, என்றார். பிறகு பக்கத்தில் வந்து குரலைத் தாழ்த்தினார்.

“அது அந்த ஊரு பேப்பர்லா டீச்சர். இங்க நீங்க சொன்னா வரும். இந்த வருஷம் என் மகளுக்கு எந்த டோப்பிக்க விடலாம்?”

ஒன்றையும் விடக் கூடாது, எல்லாவற்றையும் படிக்கச் சொல்லுங்கள் என்றேன். அவருக்கு அது பிடிக்கவில்லை, வேறு யாருக்கோ மட்டும் சொல்லப் போகிறேன் என்று நினைத்திருப்பார். ஆனால் அவர் கேட்டு, நான் பதில் சொல்வதற்கு இடையில் இருந்த அந்த ஒரு நொடியை நான் யாரிடமும் சொன்னதில்லை. பேனரில் அந்தப் பெண்ணின் முகம் பாதி சுருண்டு என் கையில் இருந்தது. என் வாயில், இரண்டு பாடங்களின் பெயர் தயாராக இருந்தது.